காலி நிலம் என்று சொன்னவர் யார்?

அடுத்தவன் மண்ணைத் திருடினேன் என்று எந்த அரசனும், எந்த ஜனாதிபதியும், எந்தத் தளபதியும் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. ஒழுங்கை நிலைநாட்டப் போனோம் என்பார்கள். வியாபாரிகளைக் காப்பாற்றப் போனோம் என்பார்கள். நல்ல ஆலோசனை சொல்லப் போனோம் என்பார்கள். எதுவும் பொருந்தாவிட்டால், அங்கே யாருமே இல்லை, காலி நிலமாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டோம் என்பார்கள். நாடு பிடித்தவர்களின் சரித்திரத்தை எங்கே புரட்டினாலும் இந்த நான்கு பேச்சுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன.

பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குப் போய் வந்த பாட்டாளிக்கும், ஆபீசில் செக்ரோல் எழுதிய கிராணிக்கும் இந்தச் சரித்திரம் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். மற்றவர்களைவிட நமக்குத்தான் இது அவசியம் என்கிறோம். நாம் பால் வெட்டிய மரம் யாருடைய மண்ணில் நின்றது? அந்த மண் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று? நாற்பது வருஷம் அதில் உழைத்தவன் பெயருக்கு ஏன் ஒரு சாண் நிலம்கூட எழுதப்படவில்லை? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் கிடக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது

முதலில் தூரத்துக் கதையைப் பார்ப்போம். அமெரிக்கா 1776-ல் சுதந்திரம் அறிவித்தபோது அது அட்லாண்டிக் கரையோரத்துப் பதின்மூன்று மாநிலங்கள்தாம். 1848-ல் அதன் எல்லை பசிபிக் கரையைத் தொட்டுவிட்டது. நடுவில் இருந்த மண்ணெல்லாம் காலியாகவா கிடந்தது?

தெற்கே ஜார்ஜியாப் பக்கம் செரோக்கி மக்கள் இருந்தார்கள். வில்லும் அம்புமாகக் காட்டில் திரிந்தவர்கள் என்று சினிமாப் பார்த்தவர்கள் நினைக்கக்கூடும். அவர்களுக்கு வயல் இருந்தது, வீடு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. அவர்களில் ஒருவரான செக்கோயா 1821 வாக்கில் தங்கள் மொழிக்கு எழுத்து வகுத்தார். 1828-ல் அந்த எழுத்தில் அவர்கள் சொந்தப் பத்திரிகையே நடத்தத் தொடங்கிவிட்டார்கள். பத்திரிகை நடத்துவதன் பாடு என்ன என்பது நமக்குத் தெரியும்! ஆனால் அவர்கள் மண் பருத்திக்கு நல்ல மண். போதாக்குறைக்கு அங்கே தங்கமும் அகப்பட்டது.

யுத்தகளத்தில் பெயர் வாங்கி, அந்தப் பெயரைக்கொண்டே 1829-ல் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன், மறு வருஷமே ஒரு சட்டம் கொண்டுவந்தார். பழங்குடிகள் தங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போய்விட வேண்டும் என்பது அதன் நோக்கம். பேச்சுக்கு அது ஒப்பந்தம். நடப்பில் அது வெளியேற்றம். செரோக்கி நாட்டின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவர்கள் மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832-ல் தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிட்டது. 1838-ல் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் சிப்பாய்கள் அவர்களைக் குடும்பம் குடும்பமாகத் திரட்டி, முகாம்களில் அடைத்தார்கள். பிறகு மேற்கே அனுப்பினார்கள். முகாமிலும் வழியிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களை வெளியேற்றும் முன்பே ஜார்ஜியா அரசு சீட்டுக் குலுக்கி அவர்கள் நிலத்தை வெள்ளையருக்குப் பங்கு போட்டுவிட்டது. ஆள் குடியிருக்கும் நிலத்தைக் காலி நிலமாக்கியது இப்படித்தான்.

அடுத்தது மெக்சிகோவின் முறை. 1845-ல் ஜனாதிபதியான ஜேம்ஸ் போல்க்குக்கு கலிபோர்னியாவின் மேல் கண். கண்டம் முழுவதும் பரவுவது அமெரிக்காவுக்குக் கடவுள் வகுத்த விதி என்று அதே வருஷம் அங்கே ஒரு பத்திரிகை எழுதியது. போல்க் முதலில் விலை பேசிப் பார்த்தார்; மெக்சிகோ மசியவில்லை. 1846 ஜனவரியில் ஜெனரல் சக்கரி டெய்லருக்கு, ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்குப் படையோடு போகும்படி உத்தரவு பறந்தது. எங்கள் எல்லை இன்னும் வடக்கே நியூசெஸ் ஆற்றோடு முடிகிறது என்று மெக்சிகோ சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. சண்டை மூளும் இடத்தில் படையை நிறுத்தினால் சண்டை மூளாமல் இருக்குமா? ஏப்ரலில் மூண்டது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது என்று போல்க் மே மாதம் காங்கிரஸ் சபைக்கு எழுதினார். யுத்தப் பிரகடனம் வந்தது. செரோக்கிகளை வெளியேற்றிய அதே ஸ்காட் 1847-ல் மெக்சிகோவின் தலைநகருக்குள் நுழைந்தார். 1848 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் பரப்பு ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. தளபதி டெய்லர் 1849-ல் ஜனாதிபதியானார். நாடு பிடித்தவனுக்கு நாட்டையே கொடுப்பது அந்தக் காலத்து அரசியல்!

அமெரிக்கர் எல்லோரும் இதற்குக் கை தட்டினார்கள் என்று சொல்ல மாட்டோம். காங்கிரஸ் சபைக்குப் புதிதாக வந்த ஆபிரகாம் லிங்கன் 1847-ல் எழுந்து, ரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது யார் மண், காட்டுங்கள் என்று கேட்டார். தோரோ என்ற எழுத்தாளர் அடிமை முறையையும் இந்த யுத்தத்தையும் நடத்தும் சர்க்காருக்கு வரி கட்ட மாட்டேன் என்று நின்று, 1846-ல் ஓர் இரவு சிறையில் இருந்தார். பின்னர் அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் படித்தார். ஒத்துழையாமை என்னும் ஆயுதம் நம் பக்கம் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அந்த யுத்தத்தில் இளம் அதிகாரியாக இருந்து, பிற்பாடு ஜனாதிபதியான கிராண்ட், அது அநியாயமான யுத்தம் என்று தம் முதுமையில் எழுதி வைத்தார்.

இங்கே நடந்தது

இந்த ஒப்பந்தம் முடிந்து 26 வருஷம் கழித்து, கிள்ளான் ஆற்றங்கரையில் இதே நாடகம் வேறு வேஷத்தில் நடந்தது.

சிலாங்கூரில் 1867 முதல் உள்நாட்டுச் சண்டை. கிள்ளான் யாருக்கு, ஆற்று வழியே இறங்கும் ஈயத்தின் மேல் வரி வாங்கும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு. ராஜா அப்துல்லா ஒரு பக்கம், ராஜா மஹ்டி ஒரு பக்கம். சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனாகக் கெடாவிலிருந்து வந்த துங்கு கூடின், ராஜா மஹ்டிக்கு எதிராக நின்றார். கோலாலம்பூரின் சீனக் கப்பித்தான் யாப் ஆ லோய் அவரோடு சேர்ந்தார். 1872-ல் கோலாலம்பூர் எதிரிகளிடம் விழுந்து நாசமாயிற்று. 1873-ல் பகாங் படையின் உதவியோடு மீட்கப்பட்டது. கடற்கரைப் பட்டணங்களின் வியாபாரிகள் இரண்டு பக்கத்திலும் பணம் போட்டிருந்தார்கள். போட்ட பணம் திரும்ப வேண்டுமே! பிரிட்டிஷ் சர்க்கார் தலையிட வேண்டும் என்று மனு மேல் மனுவாகப் போயிற்று.

1873-ல் சிங்கப்பூருக்குக் கவர்னராக வந்தார் சர் ஆண்ட்ரூ கிளார்க். ராணுவப் பொறியியல் படையிலிருந்து வந்த அதிகாரி அவர். மலாய் நாடுகளின் நிலைமையை விசாரித்து எழுதும்படி லண்டன் அவருக்குச் சொல்லியிருந்தது. அவர் விசாரித்து எழுதுவதற்கு முன்பே காரியத்தை முடித்துவிட்டார். 1874 ஜனவரி 20-ல் பங்கோர் தீவின் அருகே பேராக் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி மலாய் மதமும் பழக்க வழக்கமும் தவிர மற்ற எல்லாக் காரியத்திலும் வெள்ளைக்கார ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அப்படியே நடக்க வேண்டும். கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்டபடி நடந்துதான் ஆக வேண்டும் என்றால் அதற்குப் பெயர் ஆலோசனையா? தோட்டத்தில் துரை சொல்வதும் இந்த ரக ஆலோசனைதானே!

சிலாங்கூருக்கு வழி திறந்தது ஒரு படகு. 1873 நவம்பரில் ஜுக்ரா ஆற்று முகத்தில் மலாக்காப் படகு ஒன்று கொள்ளையிடப்பட்டது. அதில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அது கொடுமைதான், மறுக்கவில்லை. 1874 பிப்ரவரியில் கிளார்க், அட்மிரலையும் போர்க்கப்பல்களையும் கூட்டிக்கொண்டு லங்காட்டில் வந்து நின்றார். விசாரணை நடந்தது, மரண தண்டனை நிறைவேறியது. ஆகஸ்டில் சுவெட்டன்ஹாம் என்ற 24 வயது வாலிபர் சுல்தானின் பக்கத்தில் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். முதல் ரெசிடெண்டாக வந்தவர் ஜே. ஜி. டேவிட்சன். அவர் யார்? சிங்கப்பூர் வழக்கறிஞர், துங்கு கூடினின் நண்பர், அவருக்குக் கடன் கொடுத்தவர், சிலாங்கூரில் பெருநிலம் கேட்ட ஈயக் கம்பெனி ஒன்றில் சம்பந்தப்பட்டவர். கடன் கொடுத்தவனே கணக்கப்பிள்ளையாக வந்தால் கணக்கு யார் பக்கம் சாயும் என்பதை நம் கிராணி தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவையும் சிலாங்கூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஆற்றங்கரைச் சண்டை, இங்கே ஆற்று முகத்துப் படகு. அங்கே போல்க் முதலில் படையை நகர்த்திவிட்டுப் பிறகு சபைக்கு எழுதினார். இங்கே கிளார்க் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு லண்டனுக்கு எழுதினார். இரண்டு இடத்திலும் உண்மையாகவே ஒரு கலகம் இருந்தது. கலகத்தை அடக்க வந்தவர்கள் கலகம் அடங்கியபின் திரும்பிப் போகவில்லை. நாடு பிடிக்கும் தலைமையை அடையாளம் காண இந்த ஒன்று போதும்.

எதிர்த்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? பேராக்கின் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பர் 2-ல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். உடனே ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் படைகள் வந்து இறங்கின. மகாராஜா லேலா 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா இந்து மகாசமுத்திரத்தின் சிஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். இந்தியாவிலிருந்து வந்த படை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டின் ஏழையைச் சம்பளத்துக்கு எடுத்து இன்னொரு நாட்டின் ஏழையை அடக்க அனுப்புவது ஏகாதிபத்தியத்தின் பழைய சிக்கனம். துப்பாக்கி தூக்கி ஒருவன் வந்தான். பின்னால் உளி தூக்கி ஒருவன் வந்தான். இருவரையும் கப்பலேற்றியது பசிதான்.

வாளுக்குப் பின்னால் வந்த பேனா

மலாய் மக்களின் பழைய வழக்கத்தில், காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு அந்த நிலம் சொந்தம். அவன் அதில் பயிர் செய்யும் வரை அது அவனுடையது. பயிர் நிற்கும் நிலத்துக்கு உயிருள்ள நிலம் என்று பெயர். கைவிட்டுக் காடு மண்டிய நிலத்துக்குச் செத்த நிலம் என்று பெயர். உழைப்பு இருக்கும் வரைதான் உரிமை இருக்கும். வில்லியம் மேக்ஸ்வெல் என்ற அதிகாரி இந்த வழக்கத்தை நன்றாக ஆராய்ந்து 1884-ல் எழுதினார். அவரே 1889-ல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்தார். அவர் காலத்தில் 1891-ல் வந்த நிலச் சட்டம், ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் என்பவர் வகுத்த பதிவு முறையைத் தழுவியது. அந்த முறையின் சாரம் என்ன? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவனே சொந்தக்காரன். யார் வெட்டித் திருத்தினான், எத்தனை தலைமுறை குடியிருந்தான் என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். கம்பத்துக் குடியானவர் பலருக்குச் சிறு நிலம் பதிவாயிற்று. வழக்கு வம்பு குறைந்தது. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாத மண் முழுவதும் ஒரே வீச்சில் சர்க்கார் நிலமாயிற்று. உலு லங்காட் காடுகளில் காலங்காலமாக வாழ்ந்த தெமுவான் மக்களுக்குப் பத்திரம் ஏது? அவர்கள் பழம் பறித்த காடும், முன்னோரைப் புதைத்த மேடும் சர்வே வரைபடத்தில் காலி நிலம் ஆயின. தோட்டம் போட வருகிற துரைமாருக்கு அந்தக் காலி நிலம் குறைந்த குத்தகையில் நூற்றுக்கணக்கான ஏக்கராகக் கிடைத்தது.

செராஸ் சடக்கு கோலாலம்பூரின் புடுவிலிருந்து தெற்கே காஜாங்குக்குப் போகிறது. 1890-களின் நடுவில் காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் மரம் நட்டார்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்ட முதல் தோட்டங்களில் அது ஒன்று. 1895-ல் ஒப்பந்தமாகி 1896-ல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. கோலாலம்பூர் தலைநகர், சுவெட்டன்ஹாம் தலைமை ரெசிடெண்ட். அதிகாரம் எல்லாம் கோலாலம்பூரில் ஒரே கையில் குவிகிறதே என்று பேராக் சுல்தான் இட்ரிஸ் 1903-ல் ஆட்சியாளர் மாநாட்டிலேயே கவலை தெரிவித்தார். அதற்குள் சுவெட்டன்ஹாம் சிங்கப்பூர்க் கவர்னராகிவிட்டார். ஓய்வு பெற்று லண்டன் போனபின் அவர் எங்கே அமர்ந்தார் தெரியுமா? ரப்பர் கம்பெனிகளின் டைரக்டர் நாற்காலியில்! 24 வயதில் சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல வந்தவர், கடைசியில் நம் பாலில் லாபப் பங்கு கணக்குப் பார்த்தார்.

இந்தப் பதிவேடு எழுதி முடிந்த பிறகுதான் நம் பாட்டன்மார் பெருவாரியாகக் கப்பல் ஏறினார்கள். முதலில் ஒப்பந்தக் கூலி. 1910-ல் அது நின்றபின் கங்காணி முறை. மலேரியாவுக்கும் சீதபேதிக்கும் பலியானவர் போக மிஞ்சியவர்கள் காட்டை வெட்டினார்கள், மரம் நட்டார்கள், பால் வெட்டினார்கள். உயிருள்ள நில வழக்கம் நிலைத்திருந்தால் அந்த வியர்வைக்கு ஒரு பேச்சாவது இருந்திருக்கும். பதிவேட்டில் வியர்வைக்குக் கட்டம் கிடையாது. வீடும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் லயத்துக் கதவும் சாத்தப்படும்.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி

வெள்ளைக்காரன் வராவிட்டால் ரயில் ஏது, ஆஸ்பத்திரி ஏது, நாமே இங்கே ஏது என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுல்தான்கள் காலம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. கடனுக்காக மனிதன் அடிமையாகக் கிடந்த காலம் அது. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது உண்மை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடியிருப்பு எழுந்து நம்மவர் பலருக்குப் பிழைப்புக் கிடைத்ததும் உண்மை. ஆனால் தண்டவாளம் போட்டது யார்? போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-ல் திறந்தபோது அங்கே மலேரியாவில் விழுந்தவன் யார்? கூலி கொடுத்து வாங்கிய உழைப்புக்கு நன்றியும் நாமே செலுத்த வேண்டுமா? தவிர, ரயில் வேண்டுமென்றால் நாட்டையே கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற விதி எங்கேயும் இல்லை. சயாம் தேசம் தன் அரசனை வைத்துக்கொண்டே ரயில் ஓட்டியது.

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிக் கடாரம் கொண்டான் என்று நம் மேடைகளில் மார் தட்டுகிறோம். கடாரம் என்பது இந்த நாட்டுக் கெடா. கிளார்க் கப்பல் கொண்டுவந்தால் ஆக்கிரமிப்பு, சோழன் கப்பல் கொண்டுவந்தால் வீரமா? அந்தப் படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தியில் அரசன் பெயர் உண்டு, பிடித்த ஊர்களின் பெயர் உண்டு. துடுப்புப் போட்டவன் பெயர் இல்லை. நாம் துடுப்புப் போட்டவன் வம்சம், தோழர்களே! சரித்திரம் தெரிந்துகொள்ளுவோம், பெருமைக்கு வேறு இடம் பார்ப்போம்.

அதைப் போலவே, வெறும் காட்டை நாடாக்கினோம் என்றும் பேசுகிறோம். காட்டை நாடாக்கிய உழைப்பு நம்முடையதுதான். வெறும் காடு என்ற சொல் மட்டும் நம்முடையது அன்று. அது சர்வே அதிகாரியின் சொல். அந்தச் சொல்லை நாம் தெமுவான் மக்களுக்கு எதிராக ஏற்றுக்கொண்டால், நாளைக்கு அதே சொல் நம் மேல் பாயும்போது மறுக்க வாய் இருக்காது.

பாயவில்லையா? பாய்ந்துவிட்டது. 1957-ல் நாடு விடுதலை பெற்றது. பின்னர் பர்ச் சடக்கு மகாராஜா லேலா சாலையாயிற்று. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-ல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெயர்ப் பலகைகள் மாறின. பதிவேட்டின் தர்மம் மாறவில்லை. சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில் ஷா ஆலம் எழுந்தது. சீபீல்ட் தோட்டத்து மண்ணில் சுபாங் ஜெயா எழுந்தது. புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் எழுந்த விளையாட்டரங்கில் 1998-ல் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. செராஸில் இன்று அடுக்குமாடிகள்; 2017 முதல் அந்த வழியே காஜாங் வரை புது ரயில். நகரம் வளரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் தோட்டத்தை விற்கும்போதும் வாங்கும்போதும் அந்த மண்ணைக் கணக்கில் எழுதுவது எப்படி? மரம் வெட்டிய நிலம், கட்டிடம் எழுப்பத் தயாரான காலி நிலம் என்றுதான். லயத்தில் மூன்று தலைமுறை குடும்பம் இருந்தாலும், கோயில் இருந்தாலும், தமிழ்ப் பள்ளி இருந்தாலும் காகிதத்தில் காலி!

வழி என்ன?

இரண்டு முன்மாதிரிகள் நம் நாட்டிலேயே உண்டு. சிலாங்கூரின் டெங்கில் பக்கத்தில் தெமுவான் மக்களின் நிலம் 1995-ல் நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. சகோங் தாசி என்ற பெரியவரும் அவருடைய மக்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கப்படி அவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. மேல் முறையீட்டு நீதிமன்றம் 2005-ல் அதை நிலைநிறுத்தியது. பத்திரம் இல்லாதவனின் வாழ்க்கையும் அத்தாட்சிதான் என்று இந்த மண்ணின் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

மற்றொன்று நம்முடையது. 1950-களில் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேருங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு வருஷம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கடாரத்து மண்ணில் தமிழன் படையில்லாமல், யாரையும் விரட்டாமல், பணம் கொடுத்துப் பதிவேட்டில் பெயர் ஏற்றினான். மார் தட்ட வேண்டுமானால் இதற்குத் தட்டுவோம்.

ஆனால் செரோக்கி மக்களை மறக்க வேண்டாம். அவர்களிடம் பத்திரிகை இருந்தது, வயல் இருந்தது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தது. அத்தனையும் இருந்தும் போனார்கள். காகிதத்துக்குப் பின்னால் கூட்டம் நிற்க வேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் அப்படி நின்றார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை நிறுத்து என்று கேட்டார்கள். சர்க்கார் ராணுவத்தை அனுப்பியது, சில உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்தப் போராட்டம் தோற்றது என்று சொல்லுவோர் உண்டு. அதற்குப் பிறகு சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் துணிச்சல் எந்தத் துரைக்கு நெடுநாள் இருந்தது?

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. தோட்டம் கைமாறும் செய்தி காதில் விழுந்த அன்றே சங்கத்துக்குத் தெரிவியுங்கள். லயத்தை உடைக்க மிஷின் வந்தபின் ஓடி வருவதில் பயனில்லை. பழைய சம்பளச் சீட்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மின்சாரக் கட்டண ரசீது எதையும் எறியாதீர்கள். குடியிருந்ததற்கு அவை சாட்சி. எந்த நோட்டீசிலும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். உதவித் தொகை என்று நீட்டுகிற காகிதத்தின் கடைசி வரி வரை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த யாராவது ஒருவராகக் கிராணி தோழர்கள் முன்வர வேண்டும். மேக்ஸ்வெல்லின் பதிவேட்டைக் காத்ததும் பேனாதான். பாட்டாளியின் உரிமையை எழுத வேண்டியதும் பேனாதான். இன்று அந்த நிரைகளிலும் செம்பனைக் காட்டிலும் நிற்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளியும் நம் பாட்டன் நின்ற இடத்தில் நிற்பவர்கள். அவர்களைப் பகையாக்கிக்கொண்டால் லாபம் அடைவது நாமும் அல்ல, அவர்களும் அல்ல.

சர்க்காரிடம் நாம் கேட்பதும் நீளமானது அன்று. குடும்பங்கள் குடியிருக்கும் எந்தத் தோட்டத்தையும், அந்தக் குடும்பங்களுக்கு வீட்டுரிமை எழுதிக் கொடுக்காமல் வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி தரக்கூடாது. ஆள் இருக்கும் மண்ணைக் காலி நிலம் என்று எழுதும் பழக்கம் கிளார்க்கோடும் சுவெட்டன்ஹாமோடும் கப்பலேறிப் போயிருக்க வேண்டியது. அது இன்னும் நில ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. அதை அங்கிருந்து கிளப்பும் வேலை நம்முடையது.